கூட்டிலிருந்து வந்தவை

பாரென்ட் சாவதற்குள் கூடு திறக்க வேண்டும். வென்டெலாவுக்கு வேறு வேண்டுதலே இல்லை. கடல் கடந்து வந்த இந்தப் பரமாரிபோ ஊரின் காய்ச்சல் அவள் கணவனின் பலத்தைத் தின்றது, பார்வையைத் தின்றது. ஆசையை மட்டும் தின்னாமல் விட்டுத் தொலைத்தது.

மேசைமேல் அவன் பார்வை போகுமுன் வரைந்த தாள். கொய்யா இலையில் பச்சைப் புழு, கிளையில் கூடு; மேலே அந்துப்பூச்சிக்கு விட்ட இடம் காலி. கண்ணால் பார்க்காமல் சிறகு வரைகிறவர்களை ஆம்ஸ்டர்டாமில் வாய்க்கு வந்தபடி ஏசியவன் அவன். அதனால் காத்திருந்தான்; இனி அவள் பார்த்துச் சொல்லி, அவளே வரைய வேண்டும். எறும்பு ஏறாமலிருக்க மேசைக் கால்களைத் தண்ணீர்ச் சட்டிகளில் நிறுத்தி, பிள்ளையில்லாத அந்த வீட்டில் மேசைமேலிருந்த நிஜக் கூட்டைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

மத்தியானம் கூடு அசைந்தது. வென்டெலா குனிந்தாள். துளை வழியே வந்தது அந்துப்பூச்சி அல்ல. கறுப்பு ஈக்கள், ஒன்றன்பின் ஒன்றாக. புழுவை உள்ளேயே தின்று வளர்ந்த பாவிகள்.

"வந்துடுச்சா?" கட்டிலிலிருந்து பாரென்ட் கேட்டான்.

"வந்துடுச்சுங்க." நாக்கு முந்திக்கொண்டது.

"என்ன நிறம்?"

"மஞ்சள். ஓரத்துல கறுப்பு வரி. என்ன அழகு தெரியுமா!"

"நான் சொல்லலை? சட்டுனு உயிர் போக ஊசியைக் காய்ச்சிக் குத்துடி. சிறகடிச்சா பொடி உதிர்ந்துடும்."

மெழுகுவத்தியில் ஊசியைக் காய்ச்சி, காலிக் கூட்டில் குத்தினாள். அழுகை வெளியே கேட்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொடியைக் கொஞ்சம் என் விரல்ல தேயேன்."

தொலைந்தோம் என்று நினைத்தாள். வண்ணப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை அரிதாரம் என்ற மஞ்சள் கல்பொடி எடுத்து அவன் விரலில் தேய்த்தாள். அவன் முகர்ந்தான்.

"கந்தகம் நாறுது. நம்ம கல்லுல நான் அரைச்ச அரிதாரம்தானே இது?"

அவள் கட்டிலோரம் சரிந்தாள். "ஈங்க... வெறும் ஈதான் வந்துச்சு. எப்படிங்க சொல்லுவேன்?"

அவன் விரலிலிருந்த பொடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"வந்ததை வரை," என்றான். பிறகு, மெதுவாக, "அந்த மஞ்சள் கொஞ்ச நேரம் எனக்கும் தெரிஞ்சுதுடி."

அவள் காலியிடத்தில் ஈயை வரையத் தொடங்கினாள். இரண்டாவது ஈக்குச் சிறகு வைக்கும்போது கட்டிலில் மூச்சுச் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் கை நடுங்கும். நடுங்கினால் சிறகு பொய்யாகிவிடும்.