நிற்கக்கூடாத நிறுத்தம்

"காது தெரியல," என்று சொல்லிவிட்டு, கவுன்ட்டர் அம்மா புகைப்படத்தைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகத் திருப்பித் தள்ளினார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவர் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காது இருந்தது. இரண்டுமே இருந்தன. இடது காதின் மேல்நுனியில் மட்டும் நாலு முடி வழிந்து கிடந்தது. நாற்பத்தெட்டு வயதில் தலையில் மிச்சமிருப்பதே அவ்வளவுதான். அதையும் வெட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள்.

"போன தடவை இதே படத்தைத்தானே மேடம் வாங்கிக்கிட்டீங்க?"

"போன தடவை இருந்தது வேற ஆளு. அவங்க இப்ப லீவு."

"நேத்து நீங்கதான் இருந்தீங்க. நேத்தும் இதே படம்தான்."

"நேத்து உங்க கையெழுத்து கட்டத்தை விட்டு வெளிய போயிருந்துச்சு. அதோட திருப்பிக் குடுத்துட்டேன். காது வரைக்கும் நான் போகவே இல்ல."

இந்த வேகத்தில் போனால் மூக்குக்கு எப்போது வந்து சேர்வார்கள் என்று கேட்க வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காகிதங்களைத் திரும்ப அடுக்கினார். இந்தத் தீவில் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம் இது ஒன்றுதான். தபால் நிலையத்துக்கு மேலே ஒரே அறை, ஒரே கவுன்ட்டர், ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் ஒன்றுக்குக் கால் கிடையாது. எதிர்ச் சுவரில் கண் பரிசோதனைக்கான எழுத்து அட்டை தொங்கியது. காத்திருந்து காத்திருந்து அதன் கடைசி வரி வரைக்கும் அவருக்கு மனப்பாடம். இந்தப் படியை அவர் ஏறுவது இது ஒன்பதாவது தடவை.

ஊரில் இருபத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். சந்தைக் கூட்டத்துக்குள் முழு நீள பஸ்ஸை நுழைத்து, ஒரு கூடையையும் தட்டாமல் வெளியே கொண்டு வந்தவர். மனைவிக்கு இந்தத் தீவு ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ் வேலை கிடைத்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தார். வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு என்ற தெம்பில்தான் வந்தார். வந்த மறுநாளே தன் பழைய லைசென்ஸை இந்தக் கவுன்ட்டரில் நீட்டினார். கவுன்ட்டர் அம்மா ஒரு பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்தார். "மாத்திக் குடுக்கிற பட்டியல்ல உங்க நாடு இல்ல. எல் போர்டுல இருந்து வாங்க," என்றார்.

எல் போர்டு! அந்த வார்த்தை அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

அதில் இன்னொரு கொடுமை இருந்தது. எல் போர்டு மாட்டியவர் தனியாக ஓட்டக்கூடாது. லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் லைசென்ஸ் உள்ளவர் யார்? மனைவி. அவருக்கு இரண்டு மாதம் முன்னாலேயே இங்கே வந்து, முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியவள். அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தது யார்? இவர். டெப்போவுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், கிளட்சை விடு, கிளட்சை விடு என்று தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக் கொடுத்தவர். இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "முன்னாடி சைக்கிள் வருதுங்க," என்கிறாள். அவள் அதைக் கேலியாகச் சொன்னாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். அக்கறையாகச் சொல்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

முதல் தேர்வில் அவரைக் கவிழ்த்தது திருப்பம். இன்ஸ்பெக்டர் பக்கத்துத் தீவிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் படகில் வருவார். கடல் கொந்தளித்தால் அதுவும் கிடையாது. மெலிந்த மனிதர், படகு ஆடிய ஆட்டத்தில் முகம் வெளிறி வந்து உட்காருவார். தபால் நிலைய மூலையில் வலதுபக்கம் திரும்பச் சொன்னார். இவர் எதிர்ப்பக்கம் நன்றாக ஒதுக்கி, அகலமாக வளைத்து, பின்பக்கம் எங்கேயும் இடிக்காமல் அழகாகத் திருப்பினார். "இந்தக் காருக்குப் பின்னாடி என்னங்க இருக்கு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். ஒன்றும் இல்லைதான். முப்பது அடி நீளத்துக்குப் பழகிய கைக்கு அது தெரியவில்லை. ஃபெயில்.

இரண்டாவது தேர்வில் திருப்பமெல்லாம் கச்சிதமாக முடிந்தது. பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கடலோரச் சாலையில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தார். தூரத்தில் பஸ் நிறுத்தம். அதன் கூரைக்குக் கீழே ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டு நின்றிருந்தார். இவர் இண்டிகேட்டர் போட்டார், ஓரம் கட்டினார், பூ மாதிரி பிரேக்கை மிதித்து நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபடி கண்டக்டர் விசிலுக்குக் காத்திருந்தார்.

"எதுக்கு நிறுத்துனீங்க?"

"ஆள் நிக்கிறாங்க சார்."

சொன்ன பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே உறைத்தது. அதற்குள் பேப்பர்காரர் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். "படகுத்துறை போகும்ல?" என்று வேறு கேட்டார். இன்ஸ்பெக்டர் அவரை இறக்கிவிட்டுத் திரும்பி, ரொம்ப நிதானமாக, "ஆள் நிக்கட்டும். நமக்கென்ன?" என்றார்.

அடுத்தது மூன்றாவது தேர்வு. அதிலும் தோற்றால் ஆறு மாதத்துக்கு இந்தப் பக்கமே வர முடியாது. ஆறு மாதம் என்பது வெறும் ஆறு மாதமாக இருந்திருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கூட்டிவரும் வேன் ஒன்று ஓடுகிறது. அதை ஓட்டுகிற பெரியவருக்கு இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. மனைவி சூப்பரின்டெண்டென்டிடம் கெஞ்சி, அந்த இடத்தை மாதக் கடைசி வரைக்கும் இவருக்காகப் பிடித்து வைத்திருந்தாள். லைசென்ஸ் இருந்தால் வேன், இல்லாவிட்டால் மறுபடியும் வீடுதான். ஐந்து மாதமாக வீட்டில் பாத்திரம் கழுவி, துணி மடித்து, ஜன்னலிலிருந்து கடலைப் பார்த்தது போதும் போதும் என்று ஆகிவிட்டது. பாத்திரம் கழுவுவதில் குறை ஒன்றும் இல்லை, அவர் நன்றாகவே கழுவினார். ஆனால் காலையில் எழுந்து, குளித்து, சட்டை மாட்டிய பிறகு போக ஓர் இடம் இல்லாமல் நிற்பதுதான் நெஞ்சை அடைத்தது.

பத்தாவது படிக்கும் மகள் வேறு, "ரெண்டு தடவை ஃபெயில்னா எங்க ஸ்கூல்ல பேரண்ட்ஸைக் கூட்டிட்டு வரச் சொல்வாங்கப்பா," என்றாள்.

முடியை வெட்டிக்கொண்டு, இரண்டு காதும் விரிந்து நிற்கிற படம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். கவுன்ட்டர் அம்மா அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்குத் தேதி கிடைத்தது. அன்று கடல் கொந்தளிக்காமல் இருக்க வேண்டுமே என்று வீட்டில் மூன்று பேரும் தினம் இரண்டு வேளை வானிலை அறிக்கை கேட்டார்கள்.

அந்த ஒரு வாரமும் பஸ் நிறுத்தத்தைத் தாண்டுவதற்கு மட்டுமே பயிற்சி. தீவைச் சுற்றி ஒரே சாலை, மொத்தம் பதினான்கு நிறுத்தங்கள். மனைவி டூட்டி முடிந்து வந்த களைப்போடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நிறுத்தம் வரும்போதெல்லாம் அவர் வலது கால் ஆக்ஸிலேட்டரை விட்டுத் தானாக எழும்.

"காலு," என்பாள் மனைவி.

"தெரியுது."

"தெரிஞ்சா ஏன் எடுக்கிறீங்க?"

"நான் எங்க எடுக்கிறேன்? அதுவா வருது!"

"உங்க கால்தானேங்க? சொன்னா கேக்காதா?"

"இருபத்திரண்டு வருஷமா சொல்லி வச்சது இது. ஒரு வாரத்துல மாத்திச் சொன்னா அதுக்கு மட்டும் எப்படிப் புரியும்?"

எரிச்சலில் அவர் குரல் உயர்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் போன பிறகு, "'நமக்கென்ன'னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே போங்க," என்று மட்டும் சொன்னாள். அவரும் அப்படியே செய்தார். நமக்கென்ன, நமக்கென்ன என்று முணுமுணுத்தபடி பதினான்கையும் தாண்டினார். சொல்லச் சொல்ல அது சுலபமாகிக்கொண்டு வந்ததே ஒழிய, வாயில் ஏதோ கசந்தது.

செவ்வாய்க்கிழமை கடல் அலையில்லாமல் தட்டு மாதிரி கிடந்தது. அப்படியும் படகு முக்கால் மணி நேரம் தாமதம். மனைவி அரைநாள் லீவு போட்டுவிட்டு அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "நீங்கதானே அந்த பஸ் ஸ்டாப்?" என்றார். அதுதான் தன் பெயராகிவிட்டது என்பதை அவர் புரிந்துகொண்டார்.

தபால் நிலைய மூலையில் சின்னதாகத் திரும்பினார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார். கடலோரச் சாலைக்கு வந்தார். தூரத்தில் நிறுத்தம். அங்கே ஓர் அம்மா, காலடியில் இரண்டு பெரிய பைகள். யாரும் இல்லாமல் இருந்திருக்கக்கூடாதா? நமக்கென்ன என்றார் மனசுக்குள். கார் நெருங்கியது. அந்த அம்மா காரை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு காலடி முன்னால் வந்து கையைக் காட்டினார்.

சும்மா நிற்பவர்களைத் தாண்டத்தான் அவர் பயிற்சி எடுத்திருந்தார். கை காட்டுபவர்களைத் தாண்ட யாரும் சொல்லித்தரவில்லை. வலது கால் எழுந்தது. அவர் தொடையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார், அப்படித்தான் அது அடங்கியது. அந்த அம்மாவின் முகம் ஜன்னலை ஒட்டிக் கடந்து போனது. கண்ணாடியில் பார்த்தார். தூக்கிய கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது, பிறகு மெல்லக் கீழே இறங்கியது. இன்ஸ்பெக்டர் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. திரும்பிப் போகும் படகுக்கு நேரமாகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்," என்றார் அலுவலக வாசலில். "இப்பத்தான் டிரைவர் மாதிரி ஓட்டுறீங்க."

கவுன்ட்டர் அம்மா ஐந்து இடத்தில் முத்திரை குத்தி, அட்டையை இடுக்கு வழியாகத் தள்ளினார். அதில் அவர் இரண்டு காதோடும் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தார். மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சூப்பரின்டெண்டென்டுக்குப் போன் போட்டாள், மகளுக்குச் செய்தி அனுப்பினாள், காரின் முன்னாலும் பின்னாலும் இருந்த எல் போர்டுகளைத் தன் கையாலேயே பிய்த்து எடுத்தாள். அவர் வண்டியைக் கிளப்பினார். ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடலோரச் சாலைப் பக்கம் திருப்பினார்.

"எங்கங்க போறீங்க?"

"ஒரு அம்மா கை காட்டுச்சு. ரெண்டு பையோட நிக்குது. விட்டுட்டு வந்துட்டேன்."

"அதுக்குத்தானே பாஸ் போட்டாங்க?"

"அதனாலதான் வயித்தெரிச்சலா இருக்கு. இருபத்திரண்டு வருஷத்துல கை காட்டுன ஒருத்தரைக்கூட நான் விட்டுட்டுப் போனதில்ல. வண்டி நிறைஞ்சு வழிஞ்சாலும் நின்னு, இடமில்லைன்னு சொல்லிட்டாவது போவேன்."

மனைவி அவரைப் பார்த்தாள்.

அந்த அம்மா இன்னும் அங்கேயே நின்றிருந்தார். இவர் இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, பின்கதவு மிகச் சரியாக அவருக்கு நேரே வருகிற மாதிரி நிறுத்தினார். ஓர் அங்குலம் முன்னே பின்னே இல்லை. கண்ணாடியை இறக்கி, "ஏறுங்கம்மா, எங்க போகணுமோ விட்டுடறேன்," என்றார்.

அந்த அம்மா பைகளை இரண்டு காலுக்கும் நடுவே இழுத்து வைத்துக்கொண்டார். "நீங்க யாரு?"

"கொஞ்ச நேரம் முன்னாடி கை காட்டுனீங்களே. நாந்தான் நிக்காம போயிட்டேன்."

"அதுவா? எங்க தம்பிகிட்ட இதே மாதிரி வெள்ளைக் கார் இருக்கு. அவன்னு நெனச்சேன்." அவர் இவரையும், பக்கத்தில் இருந்த மனைவியையும், மறுபடி இவரையும் பார்த்தார். "முன்பின் தெரியாதவங்க கார்ல நான் ஏறமாட்டேன் தம்பி. நான் பஸ்ஸுக்கு நிக்கிறேன். நீங்க கிளம்புங்க, பஸ் வர்ற நேரம்."

"நானும் பஸ் ஓட்டுனவன்தான்மா," என்று சொல்ல ஆரம்பித்தார். அது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

பின்னால் ஹாரன் அடித்தது. காது கிழிகிற மாதிரி நீளமாக, விடாமல் அடித்தது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி முழுக்க பஸ்ஸின் முகம்தான் இருந்தது. நெருக்கி, ஒரு கை தூரத்தில், நுழைய இடமில்லாமல் பாதி சாலையில் நின்றது. உயரத்தில் ஓட்டுநர் எரிச்சலோடு பக்கத்து ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டி, எடு எடு என்று விசிறினார். வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, அவர் என்ன சொல்கிறார் என்று இவருக்கு ஒரு வார்த்தை விடாமல் தெரியும்.

அந்த அம்மா இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு காரைத் தாண்டி, சாலைக்குள் இறங்கி, பஸ்ஸின் படியை நோக்கி நடந்தார். மனைவி இவர் முழங்கையைத் தொட்டு, "எடுங்க," என்றாள் மெதுவாக. இவர் கியரைப் போட்டார். கண் மட்டும் பக்கவாட்டுக் கண்ணாடியிலேயே இருந்தது. அந்த அம்மா முதல் பையைப் படியில் ஏற்றினார், பிறகு இரண்டாவதை ஏற்றினார், பிறகு கம்பியைப் பிடித்தார். அவர் இன்னும் முழுதாக உள்ளே ஏறவில்லை. பிரேக்கை மிதித்திருந்த இவர் வலது கால் மிதித்தபடியே இருந்தது.