தடுக்கும் தாள், விடும் தாள்

"அம்மா, மரத்துக்கு யாரு களிம்பு தடவுவாங்க?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். வெயிலுக்காக அவள் முகத்தில் களிம்பு பூசிக்கொண்டிருந்த தாய்க்கு அந்தக் கேள்வியே ஆய்வுப் பட்டத்துக்குத் தலைப்பாகிவிட்டது: புற ஊதாக் கதிர் மரக்கன்றுகளின் ஒளிச்சேர்க்கையை எவ்வளவு கெடுக்கிறது?

ஆய்வுத் தோட்டத்தில் கன்றுகளுக்கு மேல் இரண்டு வரிசைச் சட்டங்கள். ஒரு வரிசைக்கு அந்தக் கதிரைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாள். மற்றதற்கு விடும் தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. தாள் சுருள்களில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளும் மழையில் உரிந்துபோயிருந்தன.

"மேடம், எது எந்தப் பக்கம்?" என்று கேட்டார் தோட்டக்காரர். இலையைத் தொட்டே கன்றின் நலம் சொல்வதால் அவருக்கு 'மீட்டர்' என்று பட்டப்பெயர். பதினோரு வருடமாகத் தினக்கூலி. வேலை நிரந்தரமாகும் உத்தரவு அடுத்த மாதம் வரவிருந்தது.

அவள் போனில் பேசியபடியே, பார்க்காமல் கை காட்டினாள்.

பத்து நாள் கழித்து அவர் வந்தார். "தடுக்குற தாளுன்னு சொன்னீங்களே மேடம், அதுக்குள்ள குனிஞ்சு தண்ணி ஊத்துனா கழுத்து எரியுது. அந்தப் பக்கம் ஒண்ணும் ஆகல."

"அண்ணே, இலையைத்தான் அளக்குறோம், உங்க கழுத்தை இல்ல" என்று சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்துக் கருவியை இலைகளில் மாட்டினால் எல்லாம் தலைகீழ். காப்பாற்றியதாக நினைத்த கன்றுகள்தான் ஒளியைப் பயன்படுத்தும் சக்தி குறைந்து, வெளிறி நின்றன. துறைத் தலைவர் அவற்றின் தாளுக்கடியில் கதிர் அளக்கும் கருவியை நீட்டினார். எண் எகிறியது.

"தாளை மாத்திக் கட்டினது யாரு?"

அவள் கருவியின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோட்டக்காரர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் சார். கவனிக்காம விட்டுட்டேன்."

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை ஓடிப்போய், "ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"உங்க படிப்பு போனா போனதுதான் மேடம். எனக்கு மண்வெட்டி எங்கயும் கிடைக்கும்."

அவர் வயதுக்கு இனி யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

கசப்பு அதற்குப் பிறகுதான். ஆய்வில் எதுவும் வீணாகவில்லை. அட்டவணையில் இரண்டு தலைப்புகளை இடம் மாற்றினார்கள். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு சொல்லை மாற்றினால் தீர்ந்துபோகிற தவறுக்கு ஒரு மனிதரின் பதினோரு வருடம் போயிருந்தது. "மீட்டரே ரிப்பேர்!" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. அவளும் பல்லைக் காட்டினாள்.

அன்றிலிருந்து, பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினால் அவர் பார்த்த பார்வைதான் முன்னே வந்தது. கடவுள் மன்னிப்பார், ஆனால் இன்னொருவர் தலையில் ஏற்றிய பழியை, ஏற்றியவர்தான் இறக்க வேண்டும்.

விடுமுறை நாள் காலை. அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. தலைவர் மேசையில், நிரந்தர வேலைப் பட்டியலிலிருந்து தோட்டக்காரரை நீக்கும் கோப்பு கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவள் ஒரு தாள் எடுத்து எழுதினாள்: 'சுருளைத் தவறாகக் காட்டியது நான். அவர் பத்தாம் நாளே எச்சரித்தார், நான் கேட்கவில்லை. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது என்னைக் காப்பாற்ற.'

பட்டம் கிடைக்குமா, அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுவார்களா, தெரியாது. கையெழுத்திட்டு, அதைக் கோப்பின் முதல் பக்கமாகக் கட்டிவைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.