ஜூலிக்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோ

ஜூலிக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. அதற்குள் அவளைப் பிரான்சுக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. எப்போது முடிவானது, யார் முடிவு செய்தது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. பெற்றவள் ஸ்டெல்லாமேரியை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலேயே காரியத்தை நகர்த்திக்கொண்டு போவதில் சில குடும்பங்களுக்கு அப்படி ஒரு சாமர்த்தியம். கடைசியில், எல்லாம் உன் சம்மதத்தோடுதானே நடந்தது என்றும் சொல்லிவிடுவார்கள்.

பிள்ளையைக் கொண்டுபோக வந்திருந்தவள் மதலேன், ஸ்டெல்லாவின் நாத்தனார். ஸ்டெல்லாவின் கணவன் ஜோசப் ஆனந்த் சிறுவனாக இருக்கும்போதே அவனுடைய அம்மா இறந்துவிட்டார். அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஆளாக்கியவள் இந்த அக்காதான். பிறகு கல்யாணமாகிப் பாரிசுக்குப் போனாள். பிள்ளை பிறக்கவில்லை. போன வருஷம் புருஷனும் போய்விட்டார். இரண்டாயிரத்து ஆறில், பொங்கல் முடிந்த கையோடு, இரண்டு பெரிய பெட்டிகளுடன் நெல்லித்தோப்பு வீட்டில் வந்து இறங்கினாள். வந்த அன்றைக்கே ஜூலியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, இவளை நான் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேனே என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாவும் சிரித்துத் தொலைத்தாள். அந்தச் சிரிப்பைத்தான் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

ஜூலி ஒன்றும் லேசுப்பட்ட ஆளில்லை. அத்தை கொண்டுவந்த சாக்லேட் டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு நக்கு நக்கி, எடுத்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டு, வந்த விருந்தாளிகளுக்குத் தன் கையாலேயே நீட்டினாள். எல்லாரும் பிள்ளையின் தாராள மனசை மெச்சிக்கொண்டே தின்றார்கள். சாயங்கால ஜெபமாலையில் முதல் மணி நகர்வதற்குள் ஓங்கி ஒரு ஆமென் சொல்லி மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிடுவாள். அவளைப் பொறுத்தவரை ஜெபம் முடிந்தது, இனி சோறு. நோணாங்குப்பத்தில் படகு ஏறப் போன ஞாயிற்றுக்கிழமை அத்தையின் பூப்போட்ட தொப்பியைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டாள். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று அதட்டியதற்கு, "மீனுக்கு வெயிலு" என்றாள். படகுக்காரர் துடுப்பை ஒழுங்காகப் பிடிக்க முடியாமல் சிரித்தார்.

மதலேனும் சிரித்தாள். அதுதான் தொல்லை. அவள் மட்டும் கடுகடு பேர்வழியாக, பிள்ளையை அடிக்கிறவளாக இருந்திருந்தால் ஸ்டெல்லாவுக்கு வேலை சுலபம். மதலேன் நல்லவள். ஜூலியைத் தூங்கவைத்துவிட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆசை மிகுந்துபோன நேரத்தில் அவள் வாயில் பிரெஞ்சுதான் வரும், மா பெத்தீத், என் குட்டி என்று. நல்லவர்களை எதிர்ப்பதுபோல் கஷ்டம் வேறெதிலும் இல்லை.

ஸ்டெல்லா எதிர்க்கத்தான் பார்த்தாள். பிள்ளைக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது அண்ணி என்றாள். பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வந்தது. சோறில்லாமல் இருக்கமாட்டாள் என்றாள். நம்மூர் பொன்னி அரிசியே அங்கே கடையில் விற்கிறார்கள் என்று பதில் வந்தது. நான் பக்கத்தில் படுக்காவிட்டால் தூங்கமாட்டாள் என்றாள். அது முதல் ஒரு வாரத்துக்குத்தான் என்றாள் மதலேன், ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படும் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஜோசப் ஆனந்திடம் பேசிப் பார்த்தாள். அவனுக்கு உழவர்கரைப் பக்கம் ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடையில் யாரிடமும் கறாராகப் பேசுவான். அக்கா எதிரில் மட்டும் கால்சட்டைப் பையன். கொஞ்ச நாளைக்குத்தானே என்றான். எவ்வளவு நாள் என்றாள். படிப்பு முடிகிறவரைக்கும் என்றான். எந்தப் படிப்பு என்றாள். அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். பிள்ளை இன்னும் எல்.கே.ஜி. வாசலை மிதிக்கவில்லை, படிப்பு முடிகிறவரை என்றால் அது இந்த வீட்டில் கொஞ்ச நாள். ஸ்டெல்லா அன்றைக்குக் கழுவிய பாத்திரங்கள் எல்லாம் நசுங்காமல் தப்பியது பெரிய விஷயம்.

எங்க அக்கா மூஞ்சியைப் பார்த்து எப்படி இல்லையென்று சொல்வது என்று மட்டும் வாசலில் நின்று ஒரு தடவை சொன்னான். உன் பெண்டாட்டி மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்கிறாய் என்று அவளும் கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. அதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

இப்படியாகத்தான் ஒரு புதன்கிழமை காலை அவர்கள் நான்கு பேரும் கண்ணையன் ஸ்டூடியோவில் நின்றார்கள். முதலில் ஜூலிக்குப் பாஸ்போர்ட், பிறகு மற்றது. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ. கண்ணையன் அந்தத் தெருவில் பாதிப் பேருடைய கல்யாணத்தை எடுத்தவர். அந்த வருஷம்தான் டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். எடுத்ததை உடனே காட்ட முடிகிற பெருமையில், எடுத்ததையெல்லாம் காட்டினார்.

பின்னால் வெள்ளை மட்டும் இருக்க வேண்டும், பிள்ளை நேராகப் பார்க்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், படத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று சட்டம் சொன்னார். ஜூலி சட்டத்தைக் கேட்டுவிட்டு ஸ்டூலில் ஏறமாட்டேன் என்றாள். முதலில் மாமா உட்காரட்டும் என்றாள். கண்ணையன் உட்கார்ந்தார். மாமா வாயை மூடு என்றாள். மூடினார். சிரி என்றாள். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சிரிப்பதென்று தெரியாமல் அந்த மனிதர் முழித்த முழி இருக்கிறதே, ஸ்டெல்லாவே பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

பிறகு ஜூலி ஏறினாள். முதல் படத்தில் நாக்கு. அடுத்ததில் உச்சந்தலை மட்டும். அதற்கடுத்ததில் ஸ்டூல் மட்டும்தான் இருந்தது, ஆளைக் காணோம். கண்ணையன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு வெள்ளை வேட்டியோடு வந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் எடுப்பது வழக்கம் என்றார். அம்மா ஸ்டூலில் உட்கார வேண்டும். தலையோடு வேட்டியால் மூடிவிடுவார். பிள்ளையை அந்த மடியில் வைத்தால் அம்மாவின் சூட்டுக்கு அசையாமல் உட்காரும், படத்தில் வெள்ளைத் துணி மட்டும்தான் தெரியும். அம்மா இருந்த அடையாளமே இருக்காதென்று சொல்லி, மதலேனைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார்.

ஸ்டெல்லா உட்கார்ந்தாள். வேட்டி தலைமேல் விழுந்தது. கஞ்சிப் பசை வாடை. பிணத்தை மூடுவதுபோலக் கால்வரை இழுத்துவிட்டார்கள். ஜோசப் ஆனந்த் பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். துணிக்கு அந்தப் பக்கம் ஜூலியின் முதுகு அவள் வயிற்றில் சாய்ந்தது. துணிக்கு உள்ளிருந்தே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலிக்கு இது புது விளையாட்டு. சட்டென்று திரும்பி வேட்டியைத் தூக்கிப் பார்த்து, அம்மா இங்கதான் கீறாங்க என்று எல்லாருக்கும் தகவல் சொன்னாள். கண்ணையன் மறுபடி மூடினார். மறுபடி தூக்கினாள். மறுபடி மூடினார்கள். ஒளிந்து விளையாடுகிற சந்தோஷத்தில் அவள் உடம்பெல்லாம் குலுங்கியது. கொஞ்சம் அடங்கட்டும் என்று கண்ணையன் கேமராவை வைத்துவிட்டு விளக்கைச் சரிசெய்யப் போனார்.

அந்த நேரத்தில்தான் மதலேன் பேசினாள். துணிக்குள் இருப்பவள் காதில் விழும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. மூடிவிட்டால் ஆள் இல்லை என்றுதான் பெரியவர்களும் நினைக்கிறார்கள்.

"நீ ஒண்ணும் வருத்தப்படாத ஆனந்து. இந்த வயசுப் புள்ளைங்க ஆறு மாசத்துல எல்லாத்தையும் மறந்துடும். அப்புறம் அம்மா ஞாபகத்துல அழுவாது."

ஆறுதலாகத்தான் சொன்னாள். குரலில் அவ்வளவு கனிவு. ஜோசப் ஆனந்த் "ஆமாங்க்கா" என்றான்.

ஸ்டெல்லாவின் கைக்குள் பிள்ளையின் வயிறு காலையில் குடித்த ராகிக் கஞ்சியோடு கடகடவென்றது. இந்த வயிற்றுக்கு இவள் யாரென்று ஆறு மாதத்தில் மறந்துபோகும். அதற்கு வசதியாக, இவளே முக்காடு போட்டுக்கொண்டு, இவளே ஸ்டூலாகி உட்கார்ந்து, பிள்ளையை அசையாமல் பிடித்துக் கொடுக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் என்ன செய்தோம் என்று யோசித்தாள். காரணம் சொன்னோம். குளிர், சோறு, தூக்கம். காரணத்துக்குப் பதில் இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது. இல்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒரே வார்த்தை அதுதான்.

பிள்ளையை இறக்கிவிட்டு, வேட்டியை உருவித் தரையில் போட்டாள். முடியெல்லாம் கலைந்து, முகம் வேர்த்து, எழுந்து நின்றாள். ஜூலி கைதட்டினாள். வேர்க்கிறதா ஸ்டெல்லா என்று மதலேன் கைக்குட்டையை எடுத்தாள்.

"அண்ணி, நீங்க எங்கிட்ட ஒண்ணு கேக்கவே இல்ல."

என்ன கேட்கவில்லை என்றாள் மதலேன்.

"புள்ளைய எனக்குக் குடுன்னு கேக்கல. கொஞ்ச நாளுன்னீங்க, ஸ்வெட்டருன்னீங்க, அரிசின்னீங்க. கேக்காத கேள்விக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? இப்ப கேளுங்க."

ஜோசப் ஆனந்த் குறுக்கே வந்தான். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றான். வீட்டில் இத்தனை நாள் யார் பேசினார்கள் என்று அவள் கேட்டாள். கண்ணையன் எரியாத விளக்கைத் திருகிக்கொண்டு நின்றார்.

மதலேன் சுவரோரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுடைய பாரிஸ் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பொட்டென்று வயசாகிவிட்டது அவளுக்கு.

"குடு ஸ்டெல்லா" என்றாள். "கதவத் தொறந்தா வீட்ல யாரும் இல்ல. எனக்கு அவள குடுத்துடு."

இப்படிக் கேட்பாளென்று ஸ்டெல்லா எதிர்பார்க்கவில்லை. மதலேனின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. பிடித்திருந்தால் அதற்குப் பிறகு அவளால் பேசியிருக்க முடியாது. கையைக் கட்டிக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன் அண்ணி."

காரணம் ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிவிட்டாள். மதலேன் அழ ஆரம்பித்தாள், சத்தமில்லாமல். தம்பியை வளர்த்த கதை அழுகையினூடே துண்டு துண்டாக வந்தது. அவனுக்கு அம்மை போட்டது, தோளில் தூக்கிக்கொண்டே கோயில் திருவிழா பார்த்தது. ஸ்டெல்லா முழுவதையும் கேட்டாள். பிறகு, "அவர நீங்கதான் வளத்தீங்க. இல்லன்னு யாரும் சொல்லல. அதுக்கு அவர் உங்களுக்கு என்ன வேணாலும் செய்யட்டும், எம்புள்ள அதுக்குக் கூலி இல்ல" என்றாள். மேல்மாடி அறை இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருங்கள், பிள்ளை மட்டும் எங்கும் வராது என்றும் சொன்னாள். மதலேன் இனி தன்னோடு பேசாமல் போகலாம். இந்த வீட்டுப் படியே மிதிக்காமல் போகலாம். போகட்டும்.

அப்போது தரையில் கிடந்த வேட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஜூலி அதற்குள் புகுந்து முழுசாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஜூலி காணோம்."

யாரும் அசையவில்லை. இந்த விளையாட்டில் தேடாமல் நிற்பது பெரிய குற்றம். துணி கோபமாக ஆடியது.

"ஜூலி போய்ட்டா. அப்பா, தேடு."

ஜோசப் ஆனந்த் அந்த வெள்ளைக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் என்னவோபோல் ஆனது. குனிந்து, வேட்டியோடு சேர்த்துப் பிள்ளையை அள்ளினான். முகத்தின் மேலிருந்த துணியை விலக்கினான். மூக்கு ஒழுக, அவள் வெற்றிச் சிரிப்புச் சிரித்தாள். அவன் அவளைக் கீழே விடவில்லை. அக்காவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, "முடியாதுக்கா" என்றான். குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் வந்துவிட்டது.

மதலேன் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டெல்லா அவளுக்காக ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பிறகு கணவனிடமிருந்து ஜூலியை வாங்கிக்கொண்டு போய் அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கலைந்த முடியை ஒதுக்கவில்லை, வேர்வையைத் துடைக்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்து, தன் முகத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கேமராவை நேராகப் பார்த்தாள்.

"எடுங்கண்ணே."

கண்ணையன் கேமராவைத் தூக்கினார், பிறகு இறக்கினார். தொழில் தெரிந்தவர், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஒங்க மூஞ்சி விழுதும்மா. இது பாஸ்போர்ட்டுக்கு ஆவாது."

"ஆவக் கூடாதுன்னுதாண்ணே சொல்றேன். எடுங்க."