ஒண்ணு காட்டினா போதும்

ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வேணு மறுபடியும் போனை அழுத்தினார். மறுபடியும் மாடுதான் வந்தது. ஒற்றைக் கொம்புச் செவலை, வைக்கோலை மென்றபடி. பக்கத்தில் வேறு படமே இல்லை. வெறும் வெள்ளை.

உள்ளே அவர் மனைவி பச்சையம்மாளின் உடலைக் குளிப்பாட்டிப் புதுப்புடவை சுற்றிக்கொண்டிருந்தார்கள். கிட்னி போய், முகம் ஆள் அடையாளம் தெரியாமல் வீங்கிவிட்டிருந்தது. அழுதுகொண்டே உள்ளே போனவர்கள் முகத்தைப் பார்த்ததும் திகைத்து நின்றார்கள். "பச்சையம்மாவா இது?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். அதிலிருந்துதான் வேணு போட்டோ தேடிக்கொண்டிருந்தார்.

பேனர் கடைக் கலையரசன் கூப்பிட்டான். "வேணுண்ணே, பேரு, தேதி எல்லாம் போட்டு ரெடியா வெச்சிருக்கேன். மூஞ்சிதான் பாக்கி."

"அனுப்பறேம்பா."

"மாடு ஒண்ணு வந்துச்சுண்ணே."

"தெரியாம வந்துடுச்சு."

பச்சையம்மாளின் தம்பி முருகையன் குனிந்து எட்டிப் பார்த்தான். "நல்லா பாருங்க மாமா. சித்ரா பௌர்ணமிக்கு எடுத்தது இருக்குமே. என்கிட்ட இருக்கறது பட்டன் போனு, எனக்கு இதெல்லாம் தெரியாது."

வேணு அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தவர். அடி அண்ணாமலையில் அவர்கள் போட்டிருந்த எலுமிச்சை ஜூஸ் தள்ளுவண்டி. கிரிவலம் வருகிறவர்கள் போனை நீட்டி, "அக்கா, மலையோட சேத்து எடுங்க" என்பார்கள். அவளும் சலிக்காமல் எடுப்பாள். அன்றைக்கு ஒரு பெண் மட்டும், "நீங்களே எடுத்துனு இருந்தா எப்படிக்கா? உங்க போனக் குடுங்க" என்று வாங்கி அவளை எடுத்தாள். கையில் பாதி பிழிந்த பழம், பின்னால் மலை, முன்பல் சந்து தெரிய ஒரு சிரிப்பு.

வைத்தியத்துக்காக மாட்டை விற்க நேர்ந்தபோது, தரகர் அதன் படத்தைக் கேட்டார். அதற்காகத்தான் போனில் படம் அனுப்பும் ஆப் ஒன்றைப் புதிதாக ஏற்றினார்கள். அது கேட்ட கேள்வியை வேணு எழுத்துக்கூட்டிப் படித்தார். நாற்பது வயதுக்கு மேல் ராத்திரி வகுப்பில் கற்ற எழுத்து.

"எல்லாப் படங்களையும் அனுமதி... தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் அனுமதி. ஆப்பு கேக்குது."

"ஆப்பா? யாருக்கு வெக்கப் போறானாம்?" படுத்தபடியே சிரித்தாள் பச்சையம்மாள். "விக்கறது மாட்டத்தான? என் மூஞ்சிய எதுக்குய்யா கண்டவனுக்கும் காட்டணும்? ஒண்ணு காட்டினா போதும்."

அவர் மாட்டைத் தொட்டார். ஒரு எழுத்துகூடத் தப்பாகப் படிக்கவில்லை என்று அன்றைக்கு உள்ளூரப் பெருமை. படம் தேட அவருக்குத் தெரிந்த வழி அந்த ஆப் ஒன்றுதான். அன்று தொட்டதற்கும் இன்று காணாமல் போனதற்கும் முடிச்சுப்போட அவருக்குத் தெரியவில்லை.

"அழிஞ்சிருக்கும் மாமா," என்றான் முருகையன். "ராகு காலம் வர்றதுக்குள்ள அக்காவ எடுக்கணும். விடுங்க."

"இன்னும் கொஞ்ச நேரம்டா."

பறை உரத்தது. கலையரசன் மறுபடி கூப்பிட்டு, "குத்துவிளக்கு படம் போட்டு அடிச்சுடட்டாண்ணே?" என்று கேட்டான். வேணு போனை முருகையன் கையில் கொடுத்தார்.

தெருமுனையில் கட்டிய பேனரில், பச்சையம்மாள் என்ற பெயருக்கு மேலே குத்துவிளக்கு எரிந்தது. அதைத் தாண்டித்தான் அவளைக் கொண்டுபோனார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பித் தலைமுழுகிவிட்டு வேணு சுவரோரம் உட்கார்ந்தார். போனைத் திறந்தார். மாடு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. காலையிலும் இருந்ததுதான். கடைசி வார்த்தை தெரியாததால் முழுசையும் விட்டுவிட்டிருந்தார்.

"தேர்ந்தெடுத்த படங்கள் மட்டுமே... இங்கே தெரியும். மாற்றுவதற்கு... நிர்... வகி."

நிர்வகி. வகுப்பில் சொல்லித்தராத வார்த்தை. அதன்மேல் விரலை வைத்தார்.

படங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. பழக்கூடை, வண்டிச் சக்கரம், தூங்கும் அவர். நடுவில் அவள். முன்பல் சந்து, பின்னால் மலை.

தொட்டார். படத்தின் மூலையில் நீலமாக ஒரு டிக் விழுந்தது. மேலே 'முடிந்தது' என்று வந்தது. இதை அவர் எழுத்துக்கூட்டாமலே படித்தார்.

சந்திரம்மாள் பக்கத்து வீட்டிலிருந்து வந்து, பச்சையம்மாள் கிடந்த இடத்தில் வைத்திருந்த விளக்குக்கு எண்ணெய் விட்டாள். "ஒரு வாய் காப்பி குடிக்கறியாண்ணா?"

வேணு நிமிரவில்லை. போன் வெளிச்சம் மங்கியது. அணைவதற்குள் ஓரத்தில் தொட்டார். எரிந்தது. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டார்.