திரும்பப் போடாத எல்லை

பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே, மண்சரிவு எச்சரிக்கைக்காக ஒலிபெருக்கிக் கம்பம் ஒன்று நிற்கிறது. அது கொஞ்ச நாளாகத் தானாகப் பேசுகிறது என்றார்கள். "கேக்குதா?" என்கிறதாம், செத்துப்போன லோஜினியின் குரலில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்துக்கொண்டு, பழுதுபார்க்க மடிக்கணினியோடு ஏறினேன்.

கம்பத்தடியில் அவள் புருஷன் சுமன் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். மேலே கரகரத்தது: "கேக்குதா?" நான் இரண்டடி பின்வாங்கினேன்.

கம்பத்திலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மடிக்கணினியில் அதன் நிரலைப் பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. கர்னல் என்பது பெட்டியை இயக்கும் மைய நிரல், அதன் உள்வீடு மாதிரி. மற்ற நிரல்கள் அதன் நினைவகத்தைத் தொடாதபடி ஒரு முகவரி எல்லை உண்டு. வெளி நிரல்கள் கோப்பைப் படிக்கக் கேட்கும் அழைப்பைக் கர்னலே தனக்குள் பயன்படுத்தினால், அந்த எல்லை அதையும் தடுக்கும். அதனால் பழைய கர்னல்களில் எல்லையைத் தூக்கிவிட்டு, கோப்பைப் படித்து, உடனே திரும்பப் போடவேண்டும். இதை எழுதிய மகராசன், படிப்பது தோற்றுப்போனால் திரும்பப் போட மறந்திருந்தான். ஒலிபெருக்கி நிரல் வழிதவறி உள்ளே போய், மண்சரிவுக் குழுவிலிருந்த லோஜினி, கம்பம் நட்ட முதல்நாள் மைக்கைச் சோதித்த குரலை எடுத்து ஒலித்துக்கொண்டிருந்தது. நினைவகத்தில் அந்த இடம் முழுவதையும் பிரதியெடுத்துக் கேட்டேன். "கேக்குதா?" அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

"ஒரு வரி சேத்து, திருப்பி ஓட விடணும்ணே. இப்படியே அலைஞ்சா, நேரத்துக்கு சைரன் அடிக்காது."

"அப்ப அவ?"

"போயிருவாங்க."

"வேணாம் தங்கச்சி."

"குரல போன்ல பதிஞ்சு வச்சுக்கங்க."

"வச்சிருக்கேன். அது சொன்னதையே சொல்லுது. இங்க, நான் கேட்டா பதில் சொல்றா."

பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கீழே லயத்துச் சனம் முழுக்க, அவர் மகளும்கூட, அந்தச் சைரனை நம்பித்தான் இருந்தது.

"அப்ப அவங்ககிட்டயே கேளுங்க" என்று கடுப்பில் சொல்லிவிட்டேன்.

சுமன் எழுந்து நின்றார். "லோஜி, இவங்க நிப்பாட்டணுங்கிறாங்க. என்னா செய்ய?"

பனிமூட்டத்தில் கம்பத்தின் உச்சி தெரியவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கரகரப்பு.

"பிள்ளயத் தூக்கிட்டு மேல வாங்க."

சுமன் என்னைப் பார்க்கவில்லை. சறுக்கிக்கொண்டே கீழே ஓடினார். நான் அந்த ஒரு வரியை எழுதி, பெட்டியை மீண்டும் இயக்கினேன். அது விழித்ததும் சைரன் அலறியது. மழை ஆபத்தான அளவை எப்போதோ தாண்டியிருந்தது.

சனம் பிள்ளைகுட்டிகளோடு ஏறி வந்தது. முதல் ஆளாக மகளைத் தோளில் போட்டபடி வந்த சுமன், சனம் தங்கவேண்டிய மேட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாமல் கம்பத்தடியில் நின்று அண்ணாந்தார்.

"வந்துட்டோம் லோஜி."

ஒலிபெருக்கியில் யாரோ ஓர் அதிகாரியின் குரல், எல்லோரையும் மேட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தது.