தவறான இடத்தில் வைத்த குரல்

சிதம்பரம் வடக்கு வீதியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இசைவாணி தனியாகக் குடியிருந்தாள். யாராரோ பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது அவள் வேலை. காலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் வரை காதுக்குள் ஆட்கள் இருப்பார்கள். கழற்றி வைத்ததும் வீட்டில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். கல்யாணம் முறிந்து இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வாய் திறந்து பேசுவது பால்காரரிடமும் காய்கறிக் கடையிலும்தான்.

அந்த ஆண்டு அவளுக்கு வந்தது, கடலூர்ப் பக்கம் மீன் விற்கும் பெண்களின் பேச்சு. ஓர் ஆய்வுக் குழுவுக்காக லூர்துசாமி என்பவர் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து, ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் முதுநகர் புஷ்பவள்ளி, கடலுக்குப் போய்த் திரும்பாத தன் கணவன் கோவிந்தசாமியைப் பற்றிப் பேசியிருந்தாள். இசைவாணி அதை ஒரே ஒரு முறை கேட்டாள். உடனே எழுத மனம் வரவில்லை. பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டு மற்றவர்களுடையதை எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் கணினியில் இருந்தது லினக்ஸ். வெளியிலிருந்து சொருகும் டிஸ்கை எந்தக் கோப்புறைக்குள் கொண்டுவந்து திறப்பது என்று அதில் நாமே சொல்லலாம். மவுண்ட் செய்வது என்பார்கள். டிஸ்க் வந்த அன்று அவசரம். இன்றைக்கு மட்டும்தானே என்று தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் 'டெம்ப்' கோப்புறைக்குள் அதை மவுண்ட் செய்தாள். அப்படியே பழகிப்போனது. டெம்பில் சேர்ந்து ஒரு மாதம் தாண்டிய கோப்புகளை வாராவாரம் அழிக்கும்படி அவளே எப்போதோ ஒரு கட்டளை எழுதிவைத்திருந்தாள். அதை அவள் மறந்தே போயிருந்தாள். உள்ளே இருப்பது குப்பையா, வேறொரு டிஸ்கா என்று அந்தக் கட்டளை பார்க்காது.

ஒரு திங்கட்கிழமை, குழு புதிதாக அனுப்பிய பதிவுகளை அதே டிஸ்கில் இறக்கிய பிறகுதான் கவனித்தாள். பழைய குரல்கள் ஒன்றுகூட இல்லை; முந்தின இரவு அந்தக் கட்டளை அழித்திருந்தது. அதே டிஸ்கில் அவள் எழுதி வைத்த பக்கங்கள் மட்டும், புதியவை என்பதால் தப்பியிருந்தன.

அழிந்தவற்றின் மேல் வேறு எதுவும் பதிவாகாமல் இருக்க டிஸ்கை உடனே கழற்றினாள். அழிந்த கோப்புகளைத் தேடி எடுக்கும் மென்பொருளை ஓடவிட்டு, வேறொரு டிஸ்கில் மீட்டாள். பெரும்பாலானவை வந்தன, பெயரில்லாமல். எது யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. புஷ்பவள்ளியின் குரலும் வந்தது. "அன்னிக்கிக் காலையில அவுரு சோறு வாணாம்னுட்டாரு..." அதோடு சரி. அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். அவள் காலையில் இறக்கிய புதிய பதிவுகள் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தன.

லூர்துசாமியைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"ரெக்கார்டர்ல இருக்குமா சார்?"

"டிஸ்குல ஏத்துன உடனே அழிச்சிட்டேனேம்மா. நீங்கதான் ஒரு தடவ கேட்டிருக்கீங்கல்ல? ஞாபகத்துல இருக்குறத எழுதிக் குடுத்துடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

எழுதிப் பார்த்தாள். வேகமாகவே வந்தது. படித்துப் பார்த்தால், அதில் காத்திருந்தவள் புஷ்பவள்ளி இல்லை. மருந்துக்கடை மாடியில் இருக்கிற ஒருத்தி. எழுதியதையெல்லாம் அழித்துவிட்டுக் கடலூருக்கு பஸ் ஏறினாள்.

புதுச்சத்திரம் தாண்டி, செம்மங்குப்பத்து ரசாயன ஆலைகள் வந்ததும் பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்பதே யோசனையாக இருந்தது.

முதுநகர் மீன் மார்க்கெட்டில் விசாரித்ததும் காட்டினார்கள். அன்னக்கூடை முக்கால்வாசி காலி. புஷ்பவள்ளி ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தாள். குரலை வைத்து இசைவாணி நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம்.

"அக்கா, நீங்க லூர்துசாமி சார்கிட்ட பேசுனீங்கல்ல, அத எழுதுறது நாந்தான். ஒரு தப்பு நடந்துபோச்சு. வைக்கக் கூடாத எடத்துல வச்சிட்டேன். நீங்க உங்க வீட்டுக்காரரப் பத்திச் சொன்னது அழிஞ்சிபோச்சு."

"அழிஞ்சா போச்சு?"

"ஆமாங்க்கா. என்னாலதான். இன்னொரு தடவ சொல்ல முடியுமான்னு..."

புஷ்பவள்ளி கூடையில் மிச்சமிருந்த கிழங்கான் மீனைப் புரட்டிப்போட்டாள்.

"முடியாதும்மா. அன்னிக்கி என்னமோ வந்துடுச்சி, சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடி எம் புள்ளைங்ககிட்டகூடச் சொன்னதில்ல. மறுபடியும் கெளற முடியாது." கூடைமேல் உட்கார்ந்த ஈயை விரட்டிவிட்டு, "அழியறதுக்கு முன்னாடி நீ கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன்."

"முழுசா?"

"முழுசா கேட்டேங்க்கா."

"ஒருத்தராவது கேட்டீங்கல்ல. போதும், உடு." கைகளைத் தண்ணீரில் அலம்பினாள். "நீ எந்த ஊரு? வூட்ல யாரு இருக்காங்க?"

"சிதம்பரம். நான் மட்டுந்தான்."

"யாருமே இல்லியா?"

இசைவாணி இல்லை என்று தலையாட்டினாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் அந்தப் பெண் வேறு எதுவும் கேட்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், கல்யாணம் முறிந்த கதையைச் சொன்னாள். சரியாகச் சொல்லவரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது. நடுவில் ஒருவர் விலை கேட்டார். புஷ்பவள்ளி அவருக்கு மீனைக் கொடுத்தனுப்பிவிட்டு, "ம், அப்புறம்?" என்றாள்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக அந்த அழிக்கும் கட்டளையை, வேறு டிஸ்க் பக்கம் போகாதபடி திருத்தினாள். பதிவுகளுக்கென்று டெம்புக்கு வெளியே தனியாக ஒரு காலிக் கோப்புறை உண்டாக்கி, இனி டிஸ்க் அங்கேதான் மவுண்ட் ஆக வேண்டும் என்று அமைத்தாள். இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதியும் எடுத்துவைத்தாள். புஷ்பவள்ளியின் பக்கத்தில், இந்தப் பகுதி, எழுதுபவரின் கவனக்குறைவால் அழிந்தது, பேசியவர் மீண்டும் பேச விரும்பவில்லை என்று போட்டு அனுப்பினாள். குழுவிலிருந்து கடுமையாகத்தான் பதில் வந்தது. அடுத்த வேலை தருவார்களா என்று தெரியவில்லை.

மார்க்கெட்டிலிருந்து கிளம்பும்போது புஷ்பவள்ளி அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, தன்னுடையதையும் கொடுத்திருந்தாள். கூப்பிடுவாள் என்று இசைவாணி எதிர்பார்த்தாள். கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இசைவாணியே எண்ணை அழுத்தினாள்.

"யாரு?"

"சிதம்பரத்துலேர்ந்து இசைவாணி பேசுறேங்க்கா."

"என்னாம்மா, மறுபடியும் ரெக்கார்டா?"

"இல்லக்கா. சும்மாதான்."

அந்தப் பக்கம் புஷ்பவள்ளி யாரையோ டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வது கேட்டது.