சேலையூரில் மறுபடியும் மீன்

எல்லா வாசலிலும் நின்று "மீனேய்..." என்று குரல் கொடுத்துவந்த செல்லியம்மாள், சாமுண்டீஸ்வரி வீட்டுப் பச்சை கேட் வந்ததும் வாயை மூடிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

அவள் சேலையூர்ப் பக்கம் வந்து ஐந்து வாரமாகிறது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. காலரா என்று பேச்சு கிளம்பியதும் கோவளத்திலிருந்து வரும் பஸ்களில் மீன் கூடையை ஏற்ற மறுத்துவிட்டார்கள். பிறகு தாம்பரத்தில் ஊசி போட்டார்கள். கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். ஹோட்டல்களில் கேட்காமலே வெந்நீர் வைத்தார்கள். ஊர் மெல்ல மூச்சுவிட்டது. இன்று காலைதான் கண்டக்டர் கூடையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விசில் ஊதினார்.

ஆனால் செல்லியம்மாளின் பயம் வேறு. கடைசியாக வந்த அன்று சாமுண்டீஸ்வரிக்குச் சங்கரா மீன் கொடுத்திருந்தாள். மறுநாள் அவளுடைய ஆறு வயது மகள் பிரமிளாவை வாந்தி பேதியோடு ஆட்டோவில் தூக்கிப் போனார்கள் என்று காதில் விழுந்தது. அதற்கப்புறம் சேதி இல்லை. யாரிடமும் கேட்கத் தைரியமும் இல்லை. அன்று காலை கரைக்கு வந்த மீன்தான், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

"செல்லி! என்ன, பாக்காத மாதிரி போறே?"

சாமுண்டீஸ்வரி கேட்டருகே நின்றிருந்தாள். செல்லியம்மாள் திரும்பி வந்தாள்.

"கொயந்த... கொயந்த எப்டி கீதும்மா?"

"உள்ள விளையாடிட்டிருக்கா. பத்து நாள் ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏத்தித்தான் பொழைக்க வெச்சாங்க."

"எம்மீன துன்னுதானாம்மா?"

"மீனா? முள்ளு குத்தும்னு அவ அன்னிக்குத் தொடவே இல்ல. எல்லாம் எங்க கிணத்துத் தண்ணி. டெஸ்ட் பண்ணிட்டு மூடச் சொல்லிட்டாங்க. இப்போ லாரித் தண்ணி, அதையும் கொதிக்க வெச்சுதான் குடிக்கிறோம்."

செல்லியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அஞ்சு வாரமா சோறு எறங்கலம்மா."

 "ஒரு கிலோ சங்கரா குடு. நல்லா வேகவெச்சு சாப்பிடலாம்னு டாக்டரே சொல்லிட்டார்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

அதற்குள் பிரமிளா ஓடிவந்து கூடைக்குள் கைவிட்டு ஒரு மீனின் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயோ, கை! சோப்புப் போடு மொதல்ல!"

சாமுண்டீஸ்வரி சோப்பைக் கொண்டுவந்தாள். செல்லியம்மாள் எழுந்து வாசல் வாளியிலிருந்து தண்ணீரை மொண்டாள். குழந்தை இரண்டு கைகளையும் நீட்டியது. நன்றாக இளைத்திருந்தது. முழங்கைவரை ஏறியிருந்த பிளாஸ்டிக் வளையல் வழுக்கிக்கொண்டு மணிக்கட்டுக்கு வந்தது. நுரையெல்லாம் போய் வெகுநேரமாகியும், செல்லியம்மாள் அந்தச் சின்னக் கைகளில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.